எட்டு பைற் தவறு

(நூற்றாண்டு விழா நிகழ்வுகளின்போது, வெவ்வேறு காலத்தில் இங்கு கற்றுத் தற்போது கணினித் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் மூவர் இணைந்து பாடசாலைப் பிரதான மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பெண்களும் தகவல் தொழில்நுட்பமும் என்ற தலைப்பில் பேசும்படி சங்கத்தினர் எம்மைக் கேட்டிருந்தார்கள். அப்படிப் பொதுவாகப் பேசப்போனால் நீங்கள் பலமுறை கேட்டவற்றையே நாமும் திரும்பச் சொல்லிவிட்டு இறங்குவோம் என்று பயந்தோம். ஆகவே ஒரேயொரு சம்பவத்தை முழுமையாகச் சொல்ல அனுமதி கேட்டோம். அது எமக்கு நடந்ததல்ல. 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியில் ஒரு செய்நிரலாளருக்கு நடந்தது. கடைசியில் எம்முடைய கதை ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கின்றது. அது பெருமைப்படத்தக்க கதையல்ல.

முதலில் எமது வகுப்பறைக்கு ஒருமுறை போய்வருவோம். எம்மில் இருவர் கணிதப் பிரிவு. ஒருவர் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு படித்துவிட்டுப் பின்னர் கணினிக்கு வந்தவர். கணக்கீடு படித்த அக்காமாருக்குத் தொங்கல் கணக்கு நினைவிருக்கும். பரீட்சை மீதியில் வரவும் செலவும் சமப்படாவிட்டால், வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுத் தற்காலிகமாகச் சமப்படுத்துவோம். மொத்தம் சரியாக வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கொப்பியை நீட்டினால் எமது ரீச்சர் சொல்லுவார்: "பிள்ளை, தொங்கல் கணக்கு பிழையை வைக்கிற இடம், புதைக்கிற இடமில்லை." ஒரு ரூபாய் வித்தியாசமென்றாலும் அது எந்தப் பதிவில் வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார். அந்த வயதில் அது எமக்குத் தொல்லையாகத்தான் இருந்தது.

இனி ஜேர்மனிக்கு வருவோம். அங்கு மக்ஸ் கெல்லர்மன் என்ற செய்நிரலாளர், வாடிக்கையாளர்களின் இணையத்தளங்களைத் தமது சேவையகங்களில் வைத்து நடத்திக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். ஓர் இணையத்தளத்துக்கு யார் யார் எந்த நேரத்தில் வந்துபோனார்கள் என்பதை அந்தச் சேவையகங்கள் நாளாந்தம் ஒரு கோப்பில் பதியும். இடத்தை மிச்சம்பிடிக்க அந்தக் கோப்புகளைச் சுருக்கி வைப்பார்கள். வாடிக்கையாளர் விரும்பினால் ஒரு மாதத்துக்குரிய பதிவுகளை மொத்தமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

2021 ஏப்ரல் 29ஆந் திகதி ஒரு முறைப்பாடு வந்தது. தரவிறக்கிய கோப்பை விரிக்க முடியவில்லை, சரிபார்ப்புப் பிழை என்று வருகின்றது என்பதே முறைப்பாடு. இப்படிச் சுருக்கப்பட்ட கோப்பு ஒவ்வொன்றின் முடிவிலும் எட்டு பைற் இருக்கும். முதல் நான்கு பைற் முழுக் கோப்பையும் கணக்கிட்டு எடுத்த சரிபார்ப்பு எண். அடுத்த நான்கு பைற் கோப்பின் நீளம். நாம் கணக்குக் கொப்பியின் அடியில் எழுதும் கூட்டுத்தொகை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்லர்மன் பார்த்தபோது உள்ளேயிருந்த பதிவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அடியிலிருந்த கூட்டுத்தொகைதான் பிழை. அவர் அதைக் கையால் திருத்திவிட்டு முறைப்பாட்டை மூடினார். பிறகு மறந்தும் போனார்.

எமது ரீச்சர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

சில மாதங்களில் அதே முறைப்பாடு மீண்டும் வந்தது. பிறகு மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே எல்லாம் சரி, கடைசி எட்டு பைற் மட்டும் பிழை. இந்த இடத்தில்தான் அவர் திருத்துவதை நிறுத்திவிட்டுத் தேடத் தொடங்கினார். மூன்று மாதக் கோப்புகளை எல்லாம் சோதித்துப் பழுதானவற்றைப் பட்டியலிட்டார். மொத்தம் 37 கோப்புகள் அகப்பட்டன. அவற்றின் திகதிகளை அடுக்கிப் பார்த்தபோது ஒரு விடயம் துலக்கமாகத் தெரிந்தது. மாதத்தின் கடைசி நாளுக்குரிய கோப்புகளே அதிகமாகப் பழுதாகியிருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. அவர்களிடம் பதிவுகளை வைத்திருக்கும் சேவையகங்கள் இரண்டு இருந்தன. ஒன்று வாடிக்கையாளருக்குக் கோப்புகளை வழங்குவது. மற்றது, முதலாவது பழுதானால் பயன்படுத்துவதற்காக ஒதுக்கி வைத்திருப்பது. ஒதுக்கி வைத்திருந்ததில் ஒரு கோப்புக்கூடப் பழுதாகவில்லை.

தங்கைமாரே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நினைவகச் சில்லு பழுதென்றாலோ வன்தட்டு பழுதென்றாலோ மாதக் கடைசி என்று நாள்பார்த்துப் பழுதாகாது. கோப்பின் நடுவிலும் பிழை வரும், தொடக்கத்திலும் வரும். இது எப்போதும் கடைசி எட்டு பைற்றில்தான் வந்தது. அப்படியானால் ஏதோ ஒன்று அந்த இடத்தில் எழுதுகின்றது.

என்ன எழுதப்பட்டிருந்தது என்று பார்த்தார். எல்லாப் பழுதான கோப்புகளிலும் ஒரே எட்டு பைற். அவற்றில் முதல் இரண்டும் ஆங்கில எழுத்துகளான பீ, கே. கணினித் துறையினருக்கு இந்த இரண்டு எழுத்துகளும் உடனே ஒன்றைச் சொல்லும். ஸிப் என்ற கோப்பு வடிவத்தை 1989இல் உருவாக்கிய பில் கற்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள் அவை. ஸிப் கோப்பின் ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அந்த இரண்டு எழுத்துகளோடுதான் தொடங்கும். இங்கே காணப்பட்டது ஸிப் கோப்பின் முடிவில் வரவேண்டிய உள்ளடக்கப் பட்டியலின் தலைப்பு. அதுவும் முழுமையாக அல்ல, முதல் எட்டு பைற் மட்டும்.

அந்த நிறுவனத்தில் ஸிப் கோப்பை உருவாக்கும் செய்நிரல் ஒன்றுதான் இருந்தது. வின்டோஸ் கணினி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வசதியாக, மாதத்தின் நாளாந்தக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஸிப் வடிவில் அனுப்புவது அதன் வேலை. கடைசி நாளின் கோப்பை அனுப்பியவுடன் உள்ளடக்கப் பட்டியலை அனுப்பும். மாதக் கடைசி நாள் ஏன் அடிபட்டது என்பதற்கு விடை கிடைத்ததுபோல் இருந்தது. ஆனால் உண்மையான புதிர் இங்கேதான் தொடங்கியது. அந்தச் செய்நிரலுக்கு நாளாந்தக் கோப்புகளை வாசிக்க மட்டுமே அனுமதி உண்டு. எழுத அனுமதி இல்லை. எழுத அனுமதியுள்ள செய்நிரலோ வேறொன்று. அதற்கு ஸிப் என்றால் என்னவென்றே தெரியாது.

எழுதத் தெரிந்தவருக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ளவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் எழுதப்பட்டிருக்கின்றது. இந்த இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் பணிசெயல் முறைமையின் உள்ளீடான கேர்னல்.

கேர்னல் என்றால் என்ன என்று அக்காமாருக்காகச் சிறிது சொல்லுகின்றோம். உங்கள் கைத்தொலைபேசியில் வங்கிச் செயலியும் இருக்கின்றது, பேரப்பிள்ளை விளையாடும் விளையாட்டும் இருக்கின்றது. இரண்டும் ஒரே நினைவகத்தில்தான் குடியிருக்கின்றன. விளையாட்டு வங்கிச் செயலியின் நினைவகத்துக்குள் எட்டிப் பார்க்கவோ எழுதவோ கூடாது. அந்தத் தடுப்பைக் காக்கும் பொறுப்பு கேர்னலுடையது. லினக்ஸ் என்பது உலகின் ஏராளமான சேவையகங்களிலும், எல்லா அண்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் இருக்கும் கேர்னல்.

பொதுவாகச் செய்நிரலாளர் ஒருவர் கேர்னலில் பிழை என்று சொல்லத் துணிய மாட்டார். விடை தவறினால் வாய்ப்பாடு பிழை என்று சொல்லுவது போலாகிவிடும். பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் பிழை நாம் எழுதியதில்தான் இருக்கும். கெல்லர்மனும் கேர்னலைக் குற்றஞ்சாட்டுவதைக் கடைசி வழியாகவே கொண்டார். ஆனால் வேறு வழிகள் எல்லாம் அடைபட்டிருந்தன. அதை நிரூபிக்க அவர் செய்த பரிசோதனை மிக எளிமையானது. பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் ஒரு மாறியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றுவோமே, அதே முறைதான்.

சி மொழியில் சில வரிகளே கொண்ட இரண்டு செய்நிரல்களை எழுதினார். முதலாவது, ஒரு கோப்பில் ஏ என்ற ஆங்கில எழுத்தை ஐந்தைந்தாக எழுதிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அதே கோப்பை வாசிக்க மட்டும் திறந்து, அதிலிருந்து சிறிது தரவைக் குழாய் ஒன்றுக்குள் அனுப்பிவிட்டு, அந்தக் குழாய்க்குள் பீ என்ற எழுத்தை ஐந்து தடவை எழுதும். குழாய் என்பது ஒரு செய்நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கொண்டுசெல்லும் வழி. கோப்பில் ஏ மட்டுமே இருக்கவேண்டும். பீ குழாய் வழியே போய்விடவேண்டும். ஓட்டிப் பார்த்தார். கோப்புக்குள் பீ வந்திருந்தது. முதலாவது செய்நிரல் அதை எழுதவேயில்லை. இரண்டாவதற்கு எழுத அனுமதியே இல்லை. 2022 பெப்ரவரி 19ஆந் திகதி இது கேர்னலின் வழுவென்று உறுதியாயிற்று. முதல் முறைப்பாடு வந்து ஏறத்தாழப் பத்து மாதங்கள்.

அடுத்த கேள்வி, இது எப்போது நுழைந்தது என்பது. லினக்ஸ் 4.19 என்ற பதிப்பில் பிழை இல்லை. 5.10 என்ற பதிப்பில் இருந்தது. இடையில் ஏறத்தாழ 185,000 மாற்றங்கள். ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுள் போதாது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குவோம் அல்லவா? அதே முறையில் பாதி பாதியாகக் குறைத்து, 17 படிகளில் குற்றவாளியான மாற்றத்தை அடைந்தார். உயர்தரக் கணித மாணவிகள் இரண்டின் அடுக்குகளை எழுதிப் பார்த்தால் இந்த 17 எப்படி வந்தது என்பது விளங்கும்.

இப்போது வழு என்ன என்பதைச் சொல்லுகின்றோம். தொழில்நுட்பச் சொற்கள் வேண்டாம். எமது ஆசிரியர் அறையையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு கோப்பைப் பலர் வாசிக்கக் கேட்டால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரதி எடுப்பது வீண்செலவு. ஆகவே கேர்னல் கோப்பின் பக்கங்களை நினைவகத்தில் ஒருமுறை வைத்து, எல்லோருக்கும் அதையே காட்டும். ஒரு பக்கம் 4,096 பைற். வகுப்பு வரவு இடாப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கும், எல்லா ஆசிரியரும் அதைத்தான் பார்ப்பார்கள் என்பது போல.

குழாய் என்று சொன்னோமே, அது உண்மையில் பதினாறு தட்டுகள் கொண்ட ஓர் அடுக்கு. நீங்கள் குழாயில் எழுதினால், ஒரு தட்டில் வெற்றுக் கொப்பி ஒன்றை வைத்து அதில் எழுதுவார்கள். கொப்பியில் இடம் மிஞ்சினால், அடுத்து எழுதுபவரும் அதிலேயே தொடரலாம் என்பதற்காக அந்தத் தட்டில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுவார்கள்: "இதில் தொடர்ந்து எழுதலாம்." வாசிப்பவர் கொப்பியை எடுத்துச் சென்றதும் தட்டு வெறுமையாகும். பிறகு அதே தட்டு வேறு வேலைக்கு வரும்.

குழாய்க்குள் ஒரு கோப்பின் தரவை அனுப்ப விரைவான வழி ஒன்றும் உண்டு. பிரதி எடுக்காமல், பொதுவான இடாப்பையே தட்டில் வைத்து, "இந்த வரியிலிருந்து இந்த வரிவரை வாசி" என்று காட்டிவிடுவது. இதில் தவறில்லை, வாசிப்பதுதானே. ஆனால் அந்தத் தட்டில் முன்பு ஒட்டிய "தொடர்ந்து எழுதலாம்" என்ற துண்டுச்சீட்டைக் கழற்றவேண்டும். கேர்னல் அதைக் கழற்ற மறந்தது. அவ்வளவுதான் வழு. அடுத்து எழுத வந்தவர் துண்டுச்சீட்டைப் பார்த்தார், கொப்பி என்று நினைத்து, காட்டப்பட்ட கடைசி வரிக்குக் கீழே எழுதினார். எழுதியது எல்லோருக்கும் பொதுவான இடாப்பில். கேர்னல் தடுக்கவில்லை. குழாயில் எழுதுவதற்குக் கோப்பின் அனுமதியைச் சோதிக்கவேண்டிய அவசியமே இல்லை என்பது அதன் எண்ணம்.

எட்டு பைற் ஏன் என்பதும் இப்போது விளங்கும். ஸிப் செய்நிரல் நாளாந்தக் கோப்பின் பதிவுகளை மட்டும் அனுப்பியது. அடியிலிருந்த எட்டு பைற் கூட்டுத்தொகையை அது விட்டுவிட்டது, ஏனெனில் ஸிப்புக்கு அது தேவையில்லை. பிறகு அது எழுதிய உள்ளடக்கப் பட்டியல், விடப்பட்ட அந்த எட்டு பைற்றின் மேல் விழுந்தது. அதற்கு அப்பால் கோப்பு முடிந்துவிடுகின்றது. ஆகவே மிகுதி கோப்பில் ஏறவில்லை. ஒவ்வொரு சிறு விவரமும் தன் இடத்தில் பொருந்தியது.

இதன் வரலாற்றிலும் ஒரு பாடம் இருக்கின்றது. துண்டுச்சீட்டைக் கழற்றாமல் விட்ட தவறு 2016இல் நுழைந்தது. அப்போது அந்தச் சீட்டுக்கு அவ்வளவு முக்கியத்துவம் இருக்கவில்லை. எழுதலாமா கூடாதா என்பதைக் கேர்னல் வேறு வழியில் தீர்மானித்தது. ஆகவே யாருக்கும் தீங்கில்லை. 2020இல் 5.8ஆம் பதிப்பில், செய்நிரலைச் சீராக்கும் நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றத்தில், அந்தத் தீர்மானம் சீட்டின் பொறுப்பாயிற்று. அன்றுதான் நான்கு ஆண்டுகளாகப் படுத்திருந்த தவறு எழும்பியது. தனித்தனியே பார்த்தால் இரண்டு மாற்றமும் பெரிய குற்றமாகத் தோன்றாது. இரண்டும் சேர்ந்தபோதுதான் சுவரில் ஓட்டை விழுந்தது.

ஓட்டை எவ்வளவு பெரியது? ஒரு கோப்பை வாசிக்க மட்டும் அனுமதியுள்ள எவரும், அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றலாம் என்றாயிற்று. கணினியில் பயனர்களின் பட்டியலை வைத்திருக்கும் கோப்பை எல்லோரும் வாசிக்கலாம். அதில் சில எழுத்துகளை மாற்றினால் சாதாரண பயனர் ஒருவர் முழுக் கணினிக்கும் அதிபதியாகிவிடலாம். இன்னும் மோசம், நினைவகத்திலுள்ள அந்தப் பக்கம் மாறியது கேர்னலுக்கே தெரியாது. கணினியை மீண்டும் தொடக்கினால் தடயம்கூட மறைந்துவிடலாம்.

கெல்லர்மன் பிப்ரவரி 20ஆந் திகதி, வழுவின் விவரத்தையும் திருத்தத்தையும் லினக்ஸின் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார். மறுநாள் பிக்சல் 6 தொலைபேசியிலும் அதே வழு இருப்பதைக் காட்டி அண்ட்ரொயிட் குழுவுக்கு அறிவித்தார். 23ஆந் திகதி திருத்திய பதிப்புகள் வெளியாயின. திருத்தம் எத்தனை வரி என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தட்டின் சீட்டுகளைப் பூச்சியமாக்கும் ஒரே வரி, இரண்டு இடங்களில். உலகம் தன் கணினிகளைப் புதுப்பிக்க அவகாசம் கொடுத்துவிட்டு, மார்ச் 7ஆந் திகதிதான் விவரத்தைப் பகிரங்கப்படுத்தினார். டேர்ட்டி பைப் என்ற பெயரில் இன்று அதைக் கணினி மாணவர்கள் படிக்கின்றார்கள்.

அந்தப் பெயர், 2016இல் வெளிவந்த டேர்ட்டி கவ் என்ற இன்னொரு வழுவை நினைவூட்டி வைத்த பெயர். அதுவும் வாசிக்க மட்டும் அனுமதியுள்ள பக்கத்தில் எழுதவிட்ட வழுதான். லினக்ஸைத் தொடக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் திருத்தியபோது, பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் தானே இதைத் திருத்த முயன்றதாகவும், அந்தத் திருத்தம் மோசமானதாக இருந்ததாகவும், வேறு சிக்கலால் அது பின்னர் நீக்கப்பட்டதாகவும் திருத்தக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். அடுத்த ஆண்டே அந்தப் புதிய திருத்தத்திலும் ஒரு மூலை விடுபட்டிருந்தது தெரியவந்து, அதையும் திருத்தினார்கள். இத்தனை அனுபவமுள்ளவரும் தம் தவறைப் பகிரங்கமாக எழுதிவைக்கின்றார். எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து கற்க முடிந்தது.

இனி எமது கதை.

எம்மில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. ஒரு மாதம், ஒரு பெண்ணின் சம்பளத்தில் அவர் வாங்காத முற்பணம் கழிக்கப்பட்டிருப்பதாக முறைப்பாடு வந்தது. பார்த்தால் உண்மைதான். கையால் திருத்தி, முறைப்பாட்டை மூடினோம். அடுத்த மாதமும் அதே பெண். திரும்பவும் திருத்தினோம். மூன்றாவது மாதம் வந்தபோது, "இவவுக்கு எப்பவும் ஏதாவது முறைப்பாடு" என்று அலுவலகத்தில் சிரித்ததும் நடந்தது. நாமும் சேர்ந்துதான் சிரித்தோம்.

நான்காவது மாதம்தான் செய்நிரலைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கையும் எடுக்கும்போது முற்பணம் என்ற இடத்தைப் பூச்சியமாக்கவேண்டும். முற்பணம் வாங்கியிருந்தால் அந்தத் தொகை அதில் ஏறும். வாங்காதவர்களுக்குப் பூச்சியம். எமது செய்நிரலில் ஒரு வழியில் அந்தப் பூச்சியமாக்கல் விடுபட்டிருந்தது. ஆகவே பட்டியலில் தனக்கு முன்னால் இருந்தவரின் முற்பணம், வாங்காதவரின் தலையிலும் விழுந்தது. கழற்றாமல் விட்ட துண்டுச்சீட்டு, அப்படியே.

அந்தப் பெண் ஒருவர் மட்டுமா? இல்லை. பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தபோது வேறு பலருக்கும் கழிந்திருந்தது. அவர்கள் முறையிடவில்லை. சிலர் சம்பளச் சீட்டை வாசிப்பதில்லை, சிலருக்குக் கேட்கப் பயம். பெரும்பாலானோருக்குப் பணத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் இடையில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்ட இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எமக்கு இன்றுவரை தெரியாது. முதல் மாதமே, ஏன் என்று ஒருமுறை கேட்டிருந்தால் அந்த இருவரும் அப்போது தொழிற்சாலையில்தான் இருந்தார்கள்.

கணக்கீட்டு ரீச்சரிடம் மூன்று வருடம் படித்தவர்தான் அந்த முறைப்பாட்டை மூடினார். அதனால்தான் இந்தக் கதையை இந்த மண்டபத்தில் சொல்லவேண்டும் என்று நினைத்தோம். கெல்லர்மன் செய்த முதற்காரியமும் எமது முதற்காரியமும் ஒன்றுதான், மொத்தத்தைத் திருத்திவிட்டு மூடியதுதான். அவர் திரும்பிவந்து தேடினார். அவர் அனுபவம் மிக்க செய்நிரலாளர்தான். ஆனால் கேர்னலின் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி அவர் புறப்படவில்லை. வாடிக்கையாளரின் கோப்பு ஏன் விரியவில்லை என்று பார்க்கப் போனவர். அவர் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள்: பழுதானவற்றைப் பட்டியலிட்டார், திகதிகளை ஒப்பிட்டார், தம்மையே முதலில் சந்தேகித்தார், சிறிய பரிசோதனை செய்தார், பாதி பாதியாகத் தேடினார், பொறுப்போடு அறிவித்தார். இதில் எமது பாடசாலையில் கற்பிக்காதது எது?

உயர்தர மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. கேர்னல் போன்ற வேலைகள் பிறவி மேதைகளுக்கே உரியவை, எமக்கு எட்டாதவை என்று உங்களில் சிலர் நினைக்கின்றீர்கள். எமக்கும் அந்த நினைப்பு இருந்தது. அதனால் நாம் சில வருடங்களை வீணாக்கினோம். லினக்ஸின் மூலநிரல் எவரும் வாசிக்கத் திறந்தே கிடக்கின்றது. ஒரு பழைய கணினியும் பொறுமையும் இருந்தால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருந்துகொண்டு இன்றே வாசிக்கத் தொடங்கலாம். விளங்காத இடத்தை எமக்கு எழுதிக் கேளுங்கள். சங்கச் செயலாளரிடம் எமது முகவரிகள் இருக்கின்றன.

அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் அப்டேற் செய்யும்படி செய்தி வரும்போது, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிவைக்கின்றீர்கள். ஜேர்மனியில் ஒருவர் தேடிக் கண்டுபிடித்த திருத்தம், உங்கள் கைக்கு வருவது அந்தச் செய்தியின் வழியாகத்தான். தயவுசெய்து செய்துவிடுங்கள். முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள்.

வைத்தியராகவோ ஆசிரியராகவோ வங்கி அதிகாரியாகவோ உலகெங்கும் பணியாற்றும் சகோதரிகளுக்கு நாம் சொல்லவேண்டியதும் இதுதான். ஒரே முறைப்பாட்டோடு ஒருவர் இரண்டாவது தடவை வந்தால், அவர் தொல்லை தருபவர் என்று எண்ணாதீர்கள். பேசாமல் இருக்கும் பலருக்காகவும் அவர் வந்திருக்கக்கூடும். அந்தத் தொழிற்சாலைப் பெண் எமக்குக் கற்பித்த பாடம் அது. அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர், "பரவாயில்லை மிஸ், இப்ப சரியாகிவிட்டதுதானே" என்றார்.

எமது கணக்கீட்டு ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கின்றார். ரீச்சர், அந்தத் தொங்கல் கணக்கு மூடப் பிந்திவிட்டது. எமக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்ததற்கு நாம் மூவரும் உங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கின்றோம்.